போதும் என்று யார் சொல்வது?

அருப்புக்கோட்டைப் பக்கம் கல்யாணமாகி ஆறு மாதம் ஆனதும் ஒரு கேள்வி வீட்டுக்குள் வந்துவிடும்: "ஏதும் விசேஷம் உண்டா?" கேட்கிறவர்கள் யாரும் கெட்ட எண்ணத்தோடு கேட்பதில்லை. சித்தி கேட்பாள், மதினி கேட்பாள், குழாயடியில் குடத்தோடு நிற்கிறவர்கள் கேட்பார்கள். இரண்டு வருஷம் போனால் அந்தக் கேள்வி நின்றுவிடும். கேட்டபோது இருந்ததைவிட நின்றபோதுதான் வலி அதிகம். அதற்குப் பிறகுதான் அந்தப் பெண்ணும் அவள் கணவனும் 'குழந்தைக்குப் பார்க்க'க் கிளம்புகிறார்கள்.

இந்த வட்டாரம் வானம் பார்த்த பூமி. திருச்சுழியை ஒட்டிப் போகும் குண்டாற்றில் வருஷத்தின் பெரும்பகுதி மணல்தான் கிடக்கும். கரிசலில் பருத்தி, சோளம், பயறு. தரிசு முழுக்கச் சீமைக்கருவேலம். அருப்புக்கோட்டைக்குள் தறியும் நூற்பாலையும், ஊரைச் சுற்றி மல்லிகைத் தோட்டங்களும் உண்டு. நெய்கிறவர்களுக்கும் பூ எடுக்கிறவர்களுக்கும் ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய கூலி கிடையாது. பெரிய சிகிச்சை என்றால் மதுரை. அருப்புக்கோட்டையிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர். திருச்சுழிக்காரர்களுக்கு அதற்கு மேல் இன்னொரு பஸ்.

தூரத்தைக்கூடச் சமாளித்துவிடலாம். வருஷக்கணக்கில் மருத்துவர் மாறிக்கொண்டே இருப்பதைச் சமாளிப்பது கடினம். முதலில் உள்ளூர் டாக்டரம்மா. பிறகு யாரோ சொன்னார்கள் என்று மதுரையில் ஒரு இடம். அங்கே இரண்டு முறை பார்த்துவிட்டு, தெரிந்தவருக்குப் பலித்தது என்று கோயம்புத்தூரில் ஒரு இடம். ஒவ்வொரு இடத்திலும் புது நோட்டு, புது ரத்தப் பரிசோதனை, மறுபடி முதலிலிருந்து கதை. ஒரே மையத்துக்குப் போனாலும் ஊசி போட ஆரம்பித்தவர் ஒருவர், ஸ்கேன் பார்க்கிறவர் ஒருவர், முட்டை எடுக்கிறவர் ஒருவர், கருவை உள்ளே வைக்கிறவர் இன்னொருவர் என்று ஆகிவிடுவது உண்டு. பையில் காகிதம் சேர்ந்துகொண்டே போகும். அத்தனையையும் படித்தவர் என்று ஒருவரைக் காட்ட முடியாது.

இதை நிர்வாகக் கோளாறு என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் இதற்குள் ஒரு தத்துவக் கேள்வியும் இருக்கிறது. இந்த மண்ணில் அதைக் கேட்பதற்கு ஏற்ற மொழியும் இருக்கிறது.

திருச்சுழி சுந்தரர் தேவாரம் பெற்ற தலம். சுவாமி திருமேனிநாதர், அம்மன் துணைமாலையம்மை. இங்கே சைவம் படிக்காதவர் வாயிலும் சித்தாந்தம் புழங்கும். "டாக்டர் கையில என்ன இருக்கு, குடுக்கிறவன் குடுக்கணும்" என்று வயசான அம்மா ஒருத்தி சொன்னால், அது வெறும் ஆறுதல் மட்டும் இல்லை. குடம் உருவாக மண் முதற்காரணம், தண்டும் சக்கரமும் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம் என்று சைவ சித்தாந்தம் மூன்றாகப் பிரித்துச் சொல்லும். இந்தக் கணக்கில் மருத்துவர் சக்கரத்தின் இடத்தில் நிற்கிறார். ஊசி, நுண்ணோக்கி, திரவ நைட்ரஜன் தொட்டி எல்லாம் அதே வரிசை. சக்கரம்தான் என்றால் இந்தச் சக்கரம் ஆனால் என்ன, அந்தச் சக்கரம் ஆனால் என்ன? மருத்துவர் மாறுவதால் என்ன குறைந்துவிடும்?

இந்தக் கேள்விக்கு அதே மரபுக்குள் ஒரு பதில் கிடைக்கிறது. சித்தாந்தத்தின் தலை நூலான சிவஞானபோதத்தைத் தந்த மெய்கண்டார், குழந்தை இல்லாத தம்பதிக்கு வேண்டிப் பிறந்தவர் என்பது தமிழ்ச் சைவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் வரலாறு. 13ஆம் நூற்றாண்டு. திருப்பெண்ணாகடத்து அச்சுதகளப்பாளருக்கு வெகுகாலம் பிள்ளை இல்லை. குலகுருவான சகலாகம பண்டிதரிடம் போகிறார். பண்டிதர் தேவார ஏட்டில் கயிறு சாத்திப் பார்க்கிறார். திருவெண்காட்டின் மீது சம்பந்தர் பாடிய பதிகம் வருகிறது. தம்பதி திருவெண்காட்டுக்குப் போய் முக்குள நீராடி வழிபட்டுக்கொண்டு தங்குகிறார்கள். ஒரு நாள் கனவில் இறைவன் வந்து, இந்தப் பிறவியில் உனக்கு மகப்பேறு இல்லை என்று சொல்கிறார். களப்பாளர், சம்பந்தர் வாக்கை நம்பி வந்தேன் என்கிறார். பிறகு குழந்தை பிறக்கிறது. அந்தத் தலத்துப் பெருமானின் பெயரையே வைத்து, சுவேதவனப் பெருமாள் என்று அழைக்கிறார்கள்.

இந்தக் கதையில் பலரும் கடைசி வரியை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள்: நம்பினார், கிடைத்தது. நம்பியும் கிடைக்காத பெண்ணை இந்த வாசிப்பு குற்றவாளி ஆக்கிவிடும் என்பதை அவர்கள் யோசிப்பதில்லை. கதையில் கவனிக்க வேண்டிய வேறு இரண்டு இடங்கள் இருக்கின்றன. ஒன்று, 'இல்லை' என்ற சொல் வருகிற இடம். வழியில் போகிறவரோ அறிமுகமில்லாத பண்டிதரோ அதைச் சொல்லவில்லை. தம்பதி யாரிடம் போய்த் தங்கினார்களோ, அவரே சொல்கிறார். சொல்லிவிட்டு அவர்களை விட்டுப் போகவும் இல்லை. இரண்டாவது, சகலாகம பண்டிதர். வழிகாட்டியதோடு அவர் கதை முடிந்துவிடவில்லை. குழந்தை வளர்ந்து ஞானாசிரியனான பிறகு பண்டிதர் அந்தப் பிள்ளையைத் தேடி வருகிறார், வாதுக்கு வந்தவர் மாணவராகிறார். சிவஞான சித்தியாரை எழுதிய அருள்நந்தி சிவாச்சாரியார் அவரே. தொடங்கி வைத்தவர் கடைசிவரை அந்தக் குடும்பத்தின் கதைக்குள் இருந்தார்.

குழந்தைப்பேற்றுச் சிகிச்சையின் மிகக் கடினமான இடமும் அந்த 'இல்லை'தான். கருவை உருவாக்குவதைவிடக் கடினமானது, 'இனி வேண்டாம், போதும்' என்று சொல்வது. எந்த நாட்டுக் கணக்கை எடுத்தாலும், ஒரு முறை கருவை வைத்தால் குழந்தையாகக் கையில் வருவதைவிட வராமல் போவதே அதிகம். பெண்ணுக்கு நாற்பது தாண்டினால், அவள் முட்டையை வைத்துச் செய்யும்போது வாய்ப்பு வேகமாகக் குறையும். ஆகவே பல தம்பதிகளின் கதையில் என்றாவது ஒரு நாள் அந்தச் சொல்லை யாராவது சொல்லித்தான் ஆக வேண்டும். முதல் முறை பார்க்கிற மருத்துவர் சொன்னால் அது காதில் ஏறாது. "இந்த டாக்டருக்குத் தெரியலை" என்று பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போவார்கள். அடுத்த ஊரில் எல்லாம் புதிதாகத் தொடங்கும், நம்பிக்கை உட்பட. ஒரு சுற்றுக்கு லட்ச ரூபாய்க்கு மேல் ஆகிற சிகிச்சை இது. கையில் இருந்த நகை அடகுக்குப் போகும், பிறகு நிலம்.

போதும் என்று சொல்லும் உரிமை பட்டத்தால் வருவதில்லை. மூன்றாவது முறையும் நாள் தள்ளாமல் போனபோது எதிரே உட்கார்ந்திருந்தவருக்கு அது இருக்கிறது. மருத்துவர் மாறுவதால் என்ன குறைகிறது என்ற கேள்விக்கு இதுவே முதல் பதில்: அந்த உரிமை யாருக்கும் சேராமல் போகிறது.

உடலைப் பொறுத்தவரையும் இழப்பு உண்டு. மாதவிலக்கு வந்த இரண்டாம் மூன்றாம் நாள் ஊசி தொடங்கி, பத்துப் பன்னிரண்டு நாள் சினைமுட்டைகளின் வளர்ச்சியை ஸ்கேனில் பார்த்து, மயக்கம் கொடுத்து முட்டை எடுத்து, ஆய்வகத்தில் மூன்று அல்லது ஐந்து நாள் வளர்த்துக் கருப்பையில் வைத்து, பிறகு இரண்டு வாரம் காத்திருக்க வேண்டும். அடுத்த முறை எவ்வளவு மருந்து என்பதைத் தீர்மானிக்கப் போன முறை அந்த உடல் எப்படி நடந்துகொண்டது என்பதைவிட நல்ல சாட்சி இல்லை. போன தடவை சினைப்பைகள் அளவுக்கு மீறி வீங்கி வயிற்றில் நீர் கோத்தது என்றால், அதை அறியாத புதுக் கை அதே அளவு மருந்தைக் கொடுத்துவிடக்கூடும். அது உயிருக்கே ஆபத்தாகலாம். நம் நாட்டில் கருக்குழாய் அடைப்புக்கு முக்கியக் காரணங்களில் ஒன்று காசநோய். சிறுவயதில் வந்து போன நோயைப் பற்றி அந்தப் பெண் நாலாவது சந்திப்பில்தான் வாய் திறப்பாள். நாலாவது சந்திப்பு என்று ஒன்று வர வேண்டுமே.

கணவன் விஷயமும் இருக்கிறது. குழந்தையின்மையில் ஏறக்குறைய பாதி இடங்களில் ஆணின் பக்கமும் காரணம் உண்டு. ஆனால் ஒவ்வொரு புது இடத்திலும் சோதனை பெண்ணிடமிருந்துதான் தொடங்குகிறது. விந்துப் பரிசோதனைக்கு ஆணை அழைத்து வரப் பொறுமையும் பழக்கமும் வேண்டும். அவன் முதல் முறை வரமாட்டான், இரண்டாம் முறை வாசலில் நிற்பான், மூன்றாம் முறை அவனே உள்ளே வந்து உட்காருவான். மருத்துவர் மாறிக்கொண்டே இருந்தால் அவன் வாசலோடு தப்பித்துக்கொண்டே இருக்கலாம். ஊர் அவளை மலடி என்று சொல்லிக்கொண்டே இருக்கும்.

பொது மருத்துவத்தில் இதை எண்களாலேயே காட்டியிருக்கிறார்கள். ஒரே மருத்துவரிடம் தொடர்ந்து போகிறவர்களைப் பற்றி ஒன்பது நாடுகளில் நடந்த 22 ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் இங்கிலாந்து ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அவற்றில் 18 ஆய்வுகளில், அப்படிப் போகிறவர்களிடம் இறப்பு விகிதம் குறைவாக இருந்தது. அது குழந்தைப்பேற்றுச் சிகிச்சையைப் பற்றிய ஆய்வு இல்லை. ஆனால் தெரிந்தவர் பார்ப்பது உடம்புக்கே ஒரு மருந்து என்பதை அது சொல்கிறது.

திருக்குறளில் 'மருந்து' அதிகாரத்தின் கடைசிக் குறள், 950ஆவது, மருத்துவத்தை நான்கு கூறாக்கும்: நோயாளி, மருத்துவர், மருந்து, நான்காவதாகப் பக்கத்திலிருந்து கவனித்துக்கொள்பவர். ஆயுர்வேத நூல் தந்த சரகரும் நான்கு என்றுதான் சொல்கிறார். நான்காமவரை ஒப்புக்குச் சேர்த்ததாக நினைப்பவர்கள் ஜீன் பர்டியின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை லூயி பிரவுன் 1978 ஜூலை 25 அன்று இங்கிலாந்தின் ஓல்டாமில் பிறந்தாள். புகழ் மருத்துவர் ஸ்டெப்டோவுக்கும் விஞ்ஞானி எட்வர்ட்ஸுக்கும் போனது. ஆய்வகத்தில் அந்தக் கரு பிரிவதைக் கண்ணால் கண்டவர் பர்டி. செவிலியராகப் பயின்று கருவியலுக்கு வந்தவர். சிகிச்சைக்கு வந்த பெண்களுக்குத் துணையாக இருந்ததும் அவரே. அவருடைய தாய்க்கு உடம்பு சரியில்லாமல் அவர் விடுப்பில் போனபோது, அவர் திரும்பி வரும்வரை அந்த ஆராய்ச்சியே நின்றது. 1985இல், 39 வயதில் இறந்துபோனார். எட்வர்ட்ஸுக்கு நோபல் பரிசு வந்தது 2010இல்.

அதே 1978ஆம் ஆண்டு, அக்டோபர் 3 அன்று, கொல்கத்தாவில் இந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்தது. கனுப்ரியா என்ற அந்தக் குழந்தையை ஊர் 'துர்கா' என்று அறிந்தது. மருத்துவர் சுபாஷ் முகோபாத்யாய். கூட உழைத்தவர்கள் சுனித் முகர்ஜி, சரோஜ் காந்தி பட்டாச்சார்யா. கருவை உறையவைத்துப் பிறகு கருப்பையில் வைத்த முறை அன்றைக்கு உலகத்துக்கே புதிது. மேற்கு வங்க அரசு அமைத்த குழு அவர் சொன்னதை ஏற்கவில்லை. 1981இல் அவரைக் கண் மருத்துவ நிறுவனம் ஒன்றுக்கு மாற்றினார்கள். கருவைப் பற்றி ஆராய்ந்தவருக்குக் கண் மருத்துவமனையில் என்ன வேலை? அந்த ஆண்டு ஜூன் 19 அன்று அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். மருத்துவரையும் அவர் தொடங்கிய பணியையும் ஓர் இடமாற்ற உத்தரவு எப்படித் துண்டித்துப் போடும் என்பதற்கு இந்திய மருத்துவ வரலாற்றில் இதைவிடக் கொடுமையான சான்று கிடையாது. 1986இல் மும்பையில் பிறந்த ஹர்ஷாதான் முதல் என்று நாடு நம்பியிருந்தது. அந்த வெற்றிக்குக் காரணமானவர்களில் ஒருவரான விஞ்ஞானி டி.சி. ஆனந்த குமார், முகோபாத்யாயின் கைப்பட எழுதிய குறிப்புகளைப் படித்துவிட்டு, முதலாமவர் நான் இல்லை, அவர்தான் என்று 1997இல் எழுதினார். தனக்குரிய பெருமையைத் தானே இறக்கி வைத்த அந்த மனிதரைத் தமிழ்ப் பத்திரிகைகள் இன்னும் அதிகமாக நினைவுகூரலாம். ஒரு மருத்துவரின் குறிப்பேடு அவர் செத்து 16 ஆண்டு கழித்து அவருக்காகப் பேசியது.

இதற்கு நேர் எதிரான வாதமும் இந்த மண்ணிலிருந்தே எழும். திருச்சுழியில் 1879 டிசம்பர் 30 அன்று பிறந்த வேங்கடராமன் பிற்காலத்தில் ரமண மகரிஷி. அவருடைய இடது கையில் வந்த கட்டிக்கு 1949இல் நான்கு முறை அறுவை நடந்தது. ஆங்கில மருத்துவர்கள், ஆயுர்வேத வைத்தியர், ஹோமியோபதி என்று பலரும் மாறி மாறிப் பார்த்தார்கள். எவர் வந்தாலும் அவர் மறுக்கவில்லை, எவரையும் பிடித்து வைத்துக்கொள்ளவும் இல்லை. உடம்பையே தானென்று எண்ணாதவருக்கு மருத்துவர் யாராக இருந்தால் என்ன? அப்படியானால் ஒரே மருத்துவர் வேண்டும் என்பதும் ஒரு பற்றுத்தானே?

பற்றுத்தான். ஆனால் அந்தக் கதையை முழுதாகப் பார்க்க வேண்டும். கையையே எடுத்துவிடலாம் என்று மருத்துவர்கள் சொன்னபோது மகரிஷி சம்மதிக்கவில்லை. போதும் என்ற சொல்லைச் சொல்லும் பலம் அவருக்குள்ளேயே இருந்தது. 1950 ஏப்ரல் 14 வரை அதே இடத்தில், அதே அன்பர்கள் சூழ இருந்தார். மருத்துவர்கள் வந்து போனாலும் நான்காம் கூறு, அந்தப் பக்கத்துணை, ஒரு நாளும் அறுபடவில்லை. கூலி வேலையை விட்டுவிட்டு மதுரை பஸ்ஸில் தனியாக உட்கார்ந்திருக்கிற இருபத்தெட்டு வயதுப் பெண்ணிடம் ஞானியின் பலத்தை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

அதே குடும்பத்தில் இன்னொரு வாழ்வும் உண்டு. மகரிஷியின் தங்கை அலமேலுவுக்குப் பிள்ளை இல்லை. தாயை இழந்த, இன்னோர் அண்ணனின் மகன் வெங்கடராமனை அலமேலுவும் கணவர் பிச்சு ஐயரும் தங்கள் பிள்ளையாக வளர்த்தார்கள். அந்தப் பிள்ளை பின்னாளில் ரமணாசிரமத்தின் தலைவரானார். பெற்றால்தான் பிள்ளையா என்று கேட்க இதைச் சொல்லவில்லை. பெறுவதற்கு ஏங்குகிற மனதிடம் அப்படிக் கேட்பது கொடுமை. சிகிச்சை நின்ற பிறகும் ஒரு வாழ்க்கை இருக்கிறது என்பதை யாராவது, நம்பத்தக்க ஒருவர், உரிய நேரத்தில் சொல்ல வேண்டும். அதற்காகத்தான்.

மருத்துவரை மாற்றவே கூடாது என்றும் சொல்லிவிட முடியாது. இரண்டாவது கருத்துக் கேட்பது நோயாளியின் உரிமை. விட்டுப் போக முடியாத இடத்தில் இருப்பதற்கு நம்பிக்கை என்று பெயர் இல்லை. ஏமாற்றுகிற மையத்தை அன்றைக்கே விட்டுவிட வேண்டும். விட்டுப் போவது தம்பதியின் விருப்பமாக இருக்கலாம். மருத்துவர் அவர்களை நட்டாற்றில் விடுவதுதான் தவறு. சட்டமும் இதை ஓரளவு ஏற்கிறது. 2002ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் குழும ஒழுக்க விதிகள், ஒரு நோயாளியை ஏற்றுக்கொண்ட மருத்துவர் அவரைப் புறக்கணிக்கக் கூடாது, போதிய முன்னறிவிப்பு இல்லாமல் விலகக் கூடாது என்கின்றன. கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைத் தர வேண்டும் என்பதும் அதே விதிகளில் உண்டு. 2021இல் வந்த செயற்கைக் கருத்தரிப்பு ஒழுங்குமுறைச் சட்டம், மையங்கள் ஆவணங்களைக் குறைந்தது பத்து ஆண்டு காக்க வேண்டும் என்கிறது. ஆலோசனை கட்டாயம், எழுத்து மூலமான ஒப்புதல் கட்டாயம். ஆனால் உங்கள் சிகிச்சைக்குப் பொறுப்பு இன்னார் என்று ஒருவர் பெயரை எழுதித் தர வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை. ஆவணத்துக்குப் பத்து வருஷம் பாதுகாப்பு உண்டு, உறவுக்குக் கிடையாது.

மாரியம்மன் கோயிலில் இந்தச் சிக்கல் இல்லை. இருக்கன்குடிக்கு வேண்டிக்கொண்டு போகிறவள் அடுத்த வருஷமும் அதே அம்மனிடம்தான் போகிறாள். பலித்தாலும் போகிறாள், பலிக்காவிட்டாலும் போகிறாள். மறுபடி முதலிலிருந்து கதை சொல்ல வேண்டியதில்லை. படித்தவர்கள் இதை மூடநம்பிக்கை என்று தள்ளுவதற்கு முன்னால், அவளுக்கு அங்கே கிடைக்கிற எது ஆஸ்பத்திரியில் கிடைக்கவில்லை என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

இங்கே செய்யக்கூடியது நிறைய இருக்கிறது, அதற்கான சட்டகமும் பாதி தயாராகவே இருக்கிறது. நம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் யூனிட் முறை உண்டு. "எந்த யூனிட்மா?" என்பதுதான் வார்டில் முதல் கேள்வி. ஒரு யூனிட்டில் பதிந்தவர் அந்த யூனிட்டின் ஓ.பி. நாளில் வந்தால், உதவி மருத்துவர்கள் மாறினாலும் தலைமை மருத்துவர் பெரும்பாலும் அவரே இருப்பார். 2022 ஜனவரியில் விருதுநகரிலும் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டுவிட்டது. அருப்புக்கோட்டையிலிருந்து அது மதுரையைவிட அருகில். முதற்கட்டச் சோதனைகளையும் ஆலோசனையையும் அங்கே ஒரு யூனிட் பொறுப்பேற்று, மதுரைக்கோ சென்னைக்கோ அனுப்பினாலும் அந்தத் தம்பதி திரும்பி வந்து உட்காரும் நாற்காலி இதுதான் என்று வைத்துக்கொள்ளலாம்.

நான்காம் கூறு ஊருக்குள்ளேயே இருக்கிறது. துணைச் சுகாதார நிலையத்து நர்சம்மாவுக்கு ஒவ்வொரு வீடும் தெரியும். தகுதியுள்ள தம்பதியர் பதிவேடு என்று ஒன்று அவரிடம் உண்டு. குடும்பக் கட்டுப்பாட்டுக் காலத்தில் பிறந்த ஏடு அது. யாருக்கு எத்தனை குழந்தை, என்ன கருத்தடை முறை என்று பார்ப்பதற்காக வந்தது. பிள்ளை இல்லாத தம்பதியின் பெயரும் அதில் இருக்கிறது. கர்ப்பம் பதிவான நாளிலிருந்து நர்சம்மா அந்த வீட்டுப் படியேறுவார், தடுப்பூசி நாளைச் சொல்வார், உதவித்தொகைக்கு எழுதுவார். கர்ப்பமே பதிவாகாத வீட்டுக்கு எந்த யூனிட், யார் மருத்துவர், எந்த மாதம் என்ன செய்தார்கள் என்று அதே ஏட்டில் எழுதிவைக்கவும், சிகிச்சை பலிக்காத மாதத்தில் அந்தப் படியேறவும் அவருக்கு நேரமும் பயிற்சியும் உத்தரவும் கொடுக்க வேண்டியது சுகாதாரத் துறை.